நெகிழ்ந்து நிற்கும் சுவர்: காஷ்மீர மலைவீடுகளின் கட்டடக்கலை

சூழலுக்கு இசைந்த வீடு என்றதும் சூரிய மின்தகடும் மழைநீர்த் தொட்டியுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. ஆயினும் இமயமலைச் சரிவில் வீடு அமைக்க முனைவோர் முதலில் கேட்கவேண்டிய வினா வேறு: நிலம் அசையும்போது இவ்வீடு என்ன செய்யும்? ஒரு தலைமுறைக்குள் இடிந்து, மீண்டும் கல்லும் மரமும் சிமெந்தும் கேட்கும் வீட்டை நிலைபேறுடையது எனக் கூற நமக்கு மனம் வரவில்லை.

2005 அக்டோபர் 8ஆம் நாள், ரமழானின் தொடக்க நாட்களில், பிள்ளைகள் பள்ளிகளில் அமர்ந்திருந்த காலை வேளையில், முஸஃபராபாத் அருகே 7.6 அளவுடைய நிலநடுக்கம் ஏற்பட்டது. பாகிஸ்தான் பக்கத்தில் மட்டும் 73,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலரைக் கொன்றவை கட்டடங்களே. உருண்டைக் கற்களை மண்ணில் அடுக்கி எழுப்பிய கனத்த சுவர்கள், குறுக்கே பிணைக்கும் கல்லோ மரமோ இன்றி, உள்ளும் புறமுமாகப் பிளந்து சரிந்தன. போதிய கம்பியும் முறையான இணைப்பும் இல்லாத தூண்கள் மேல் ஏற்றப்பட்ட கான்கிரீட் தளங்கள் அப்படியே கீழே அமர்ந்தன. 'உறுதியானது' என்று மக்கள் கடன்பட்டுக் கட்டியவையும் அவற்றுள் இருந்தன.

அதே பள்ளத்தாக்குகளில் 'தஜ்ஜி தீவாரி' எனும் பழைய முறையில் அமைந்த வீடுகள் பெரும்பாலும் நின்றன. தஜ்ஜி என்பது துணித்துண்டு. தீவார் என்பது சுவர். ஒட்டுப்போட்ட போர்வையைப் போன்ற தோற்றத்தால் வந்த பெயர் என்பர். மரச்சட்டங்களை நெடுக்கும் குறுக்கும் சாய்வுமாக இணைத்து, அவற்றிடையேயுள்ள சிறு கட்டங்களைக் கல்லாலும் களிமண் சாந்தாலும் நிரப்புவர். சுவர் மெல்லியது, ஆதலால் நிலம் குலுங்கும்போது அது தாங்கவேண்டிய விசையும் குறைவு. ஒரு கட்டத்தில் தோன்றும் வெடிப்பு அடுத்த கட்டத்துக்குப் பரவாமல் சட்டம் தடுக்கிறது. கற்களும் மண்ணும் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வின் ஆற்றலைச் செலவிடுகின்றன. சிமெந்தை விட மண் வலுக்குறைந்தது என்பது இங்கே குறையன்று. அந்த மென்மையே சுவரை நெகிழவிடுகிறது. மறுநாள் உதிர்ந்த மண்ணை அள்ளி மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

ஸ்ரீநகரின் நிலம் வேறு வகையானது. ஏரிப்படிவால் ஆன மென்மண் மீது அமைந்த அந்நகரில் 'தாக்' முறை வழங்கிற்று. செங்கல் தூண்களும் அவற்றிடையே சாளர மாடங்களும் கொண்ட சுவரில், தளமட்டங்களிலும் சாளரங்களின் மேலும் ஏணி போன்ற மரப்பிணைப்புகள் ஓடும். மண் சீரற்று அமிழ்ந்தாலும் கட்டடம் கலையாது. வீட்டின் அளவை இத்தனை தாக் என்றே எண்ணினர்.

குளிருக்கும் அவர்களிடம் விடை இருந்தது. டிசம்பர் 21இல் தொடங்கும் 'சில்லை கலான்' நாற்பது நாட்களில் குடும்பம் கீழ்த்தளத்தின் சிறிய, தாழ்ந்த அறைகளில் ஒடுங்கும்; கோடையில் காற்றோட்டமான மேல்தளத்துக்கு ஏறும். வசதி படைத்தோர் இல்லங்களில் ஹம்மாம் அறையின் கற்றளத்துக்குக் கீழே விறகு எரிந்தது. முழு வீட்டையும் சூடாக்காமல் மனிதர் இருக்கும் இடத்தை மட்டும் சூடாக்கும் இச்சிக்கனம், நம் கருத்தில், எந்த மின்கருவியையும் விட மேலானது.

நிலநடுக்கத்தின் பின் அரசு உதவிபெறும் வீடுகளுக்கென முதலில் வகுக்கப்பட்ட வழிகாட்டிகளில் தஜ்ஜி இடம்பெறவில்லை. ஏழைகளின் கட்டுமானம் என்ற இளக்காரம் மக்களிடமும் இருந்தது. தொலைவான சரிவுகளுக்குச் சிமெந்தும் கம்பியும் கொண்டுசெல்வது பெரும்பாடாகவே, மலைவாசிகள் தாமாகவே பழைய முறைக்குத் திரும்பலாயினர். 2006இல் மறுகட்டுமான அதிகார அமைப்பு அதனை ஏற்றது. கட்டடக்கலைஞர் யாஸ்மீன் லாரியும் அப்பகுதியில் மண், சுண்ணாம்பு, உள்ளூர் மரம் ஆகியவற்றைக் கொண்டு மக்களே கட்டும் வீடுகளை ஊக்குவித்தார்.

காடு அழியாதா என்ற மறுப்பு நியாயமானது. தேவதாரு மரங்கள் அருகிவருகின்றன. எனினும் தஜ்ஜிக்குப் பெருந்தூண்கள் தேவையில்லை. குறுந்துண்டுகளே பெரிதும் போதும். 2005க்குப் பின் எழுந்த பல வீடுகளின் சட்டங்கள், இடிபாடுகளிலிருந்து தோண்டியெடுத்த பழைய உத்தரங்களை அறுத்துச் செய்யப்பட்டவை. கட்டங்களை நிரப்பிய கல்லும் அதே குவியலிலிருந்து வந்தது.