மறுப்புக் கடிதம் முடிவான தீர்ப்பு அன்று

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வள்ளுவப் பெருந்தகை, நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் ஆகிய நான்கினையும் ஒருங்கே வைத்து மருத்துவத்தை வகுத்துரைத்தார். இக்காலத்தில் இந்நான்கினோடு ஐந்தாவதாக ஒன்றும் வந்து சேர்ந்துள்ளது. அதுவே இன்ஷூரன்ஸ் கம்பெனி. நோயாளியை அது நேரிற் காண்பதில்லை; நாடியைத் தொட்டுப் பார்ப்பதுமில்லை. எனினும், ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கொடுப்பதா, மறுப்பதா என்பதனை அதுவே முடிவு செய்கின்றது. அம்முடிவு மறுப்பாக அமையுங்கால் ஒரு குடும்பம் படும் பாட்டினைத் திருவனந்தபுரத்தில் வாழும் நம்மவர் பலரும் அறிவர்.

இந்நகரில் அரசு ஊழியர்க்குத் தனித் திட்டம் உண்டு. எம்போன்ற ரயில்வே ஊழியர்க்குப் பேட்டையில் ரயில்வே ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் சாலைக் கடைத்தெருவில் சிறு வாணிகம் புரிவோர், கணக்கெழுதுவோர், தையற்கலைஞர், கரமனையிலும் கோட்டைப் பகுதியிலும் குடியிருந்து சொந்தத் தொழில் நடத்துவோர் ஆகியோர்க்குத் தாமே பணம் கட்டி வாங்கும் பாலிசிதான் பெரும்பாலும் துணை. எளியேன் ஒரு ரயில்வே குமாஸ்தா. ஆங்கிலக் கடிதங்களைப் படித்துப் பொருள் கூறுமாறு அன்பர்கள் அவற்றை என்னிடம் கொண்டுவருவதுண்டு. கடந்த சில ஆண்டுகளில் அவ்வாறு வந்தவற்றுள் இன்ஷூரன்ஸ் மறுப்புக் கடிதங்களே மிகுதி. அவற்றைப் படித்த பழக்கமே இக்கட்டுரையை எழுதத் துணிவு தந்தது.

இத்துறையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1973ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் பொதுக் காப்பீடு அரசுடைமையாயிற்று. அதுவரை இருந்த 107 கம்பெனிகள் நான்காக இணைக்கப்பட்டன. அந்நான்கும் 1986இல் ‘மெடிக்ளெய்ம்’ என்னும் மருத்துவப் பாலிசியை அறிமுகம் செய்தன. பின்னர் 1999இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிலைபெற்றது. 2000 முதல் தனியார் கம்பெனிகள் உள்ளே வந்தன. பாலிசிகள் பெருகின, விளம்பரங்கள் பெருகின, அவற்றோடு மனக்குறையும் பெருகிற்று. தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு விதிக்கப்பட்டிருந்த நூற்றுக்குப் பதினெட்டு விழுக்காட்டு வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீங்கிற்று. வரி நீங்கியும் மக்களின் மனக்குறை நீங்கியதாகத் தெரியவில்லை.

ஆணையத்தின் 2023-24ஆம் ஆண்டறிக்கை கூறும் கணக்கு கவனித்தற்குரியது. அவ்வாண்டில் அரசுக் கம்பெனிகளும் தனியார் கம்பெனிகளும் சேர்ந்து கையாண்ட மருத்துவக் கோரிக்கைகளின் தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 17 ஆயிரம் கோடி ரூபாய். அதில் கொடுக்கப்பட்டது சுமார் 83 ஆயிரம் கோடி. பாலிசி நிபந்தனைகளைக் காட்டி அனுமதிக்கப்படாதது சுமார் 15 ஆயிரம் கோடி. அறவே நிராகரிக்கப்பட்டது 10 ஆயிரம் கோடிக்கும் மேல். ஒவ்வொரு மறுப்பும் அநீதி என்று நாம் கூறவில்லை. பொய்யான பில் காட்டிப் பணம் பறிப்போரும் உளர். அவர்களால் ஏனையோரின் பிரிமியமும் ஏறுகின்றது. ஆயினும் அம்மறுப்புகளுள் உண்மையான நோயாளிகளின் கண்ணீரும் கலந்திருக்கின்றது என்பதனை எவர் மறுக்க இயலும்?

இம்மனக்குறை நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. பெரும்பாலான மக்கள் தனியார் காப்பீட்டையே நம்பி வாழும் அமெரிக்காவில், 2024 டிசம்பர் 4ஆம் நாள், யுனைடெட் ஹெல்த்கேர் கம்பெனியின் தலைவர் பிரையன் தாம்ப்சன் நியூயார்க் நகரத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்குக் கிடந்த தோட்டா உறைகளில், கோரிக்கையைத் தாமதித்தலையும் மறுத்தலையும் குறிக்கும் சொற்கள் எழுதப்பட்டிருந்தன. கொலை கொடிய பாவமே. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அச்செய்தியைக் கேட்ட மக்களுள் பலர், இறந்தவர்க்கு இரங்குவதை விட்டுத் தத்தம் மறுப்புக் கடிதங்களைப் பற்றியே பேசினர். செவிசாய்ப்பார் இல்லாத முறையீடு எத்துணை வெம்மை கொள்ளும் என்பதற்கு இது சான்று. முறையிட வழியுள்ள நாட்டில் அவ்வழியினை அறிந்திருத்தலே அறிவுடைமையாகும்.

மறுப்புக்கும் குறைப்புக்கும் கூறப்படும் காரணங்களுள் மூன்று அடிக்கடி வருவன. முதலாவது, பாலிசி எடுக்குமுன்பே இருந்த நோயை மறைத்தீர் என்பது. இரண்டாவது, ஆஸ்பத்திரியில் 24 மணி நேரம் தங்கவில்லை என்பது. மூன்றாவது, அறை வாடகை வரம்பு மீறியது என்பது. இம்மூன்றாவதன் சூழ்ச்சி பலர்க்கும் விளங்குவதில்லை. 3 லட்ச ரூபாய் பாலிசியில் நாளொன்றுக்கு நூற்றுக்கு ஒரு விழுக்காடு, அஃதாவது 3,000 ரூபாயே வாடகை வரம்பு என்று கொள்வோம். நோயாளி 6,000 ரூபாய் அறையில் தங்கினால், மிகுந்த வாடகை மட்டும் குறைக்கப்படும் என்று நாம் எண்ணுவோம். அவ்வாறன்று. மருத்துவர் கட்டணம், அறுவைக் கூடக் கட்டணம் முதலியவையும் அதே விகிதத்தில் பாதியாகிவிடும். ஆதலின் அறையைத் தேர்ந்துகொள்ளுமுன் பாலிசியில் வரம்பு உண்டா என்று கேட்டல் வேண்டும்.

ஏனைய இரண்டு காரணங்கள் குறித்தும் நீதிமன்றங்கள் நல்ல தீர்ப்புகளை வழங்கியுள்ளன. 2009இல் வெளிநாட்டுப் பயணத்திற்குப் பாலிசி எடுத்து அமெரிக்கா சென்ற ஒருவர்க்கு, விமானத்தினின்று இறங்கிய சிறிது நேரத்தில் இருதய நோய் கண்டது. முன்பிருந்த நோய்களைக் காட்டிக் கம்பெனி பணம் தர மறுத்தது. 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அம்மறுப்பைத் தள்ளியது. விண்ணப்பதாரரின் உடல்நிலையை மதிப்பிட்டு, அறிந்து பாலிசி கொடுத்த பின்னர், அவர் முன்பே தெரிவித்த நோயையே காரணமாகக் காட்டி மறுத்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அவ்வழக்கில் எதிர்வாதி அரசுத் துறைக் கம்பெனியே. எனினும் சட்டம் தனியார்க்கும் ஒன்றே. அவ்வாறே, நம் கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2023இல் கூறிய தீர்ப்பு ஒன்று, மருத்துவ நுட்பம் வளர்ந்துவிட்ட இக்காலத்தில் 24 மணி நேரம் தங்கவில்லை என்ற ஒன்றை மட்டும் காட்டிக் கோரிக்கையை மறுத்தல் தகாது என்று தெளிவுபடுத்திற்று.

2024இல் விதிகளும் மக்கட்கு ஓரளவு சாதகமாகத் திருத்தப்பட்டன. முன்பிருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது. இடைவிடாது 60 மாதங்கள் பிரிமியம் கட்டி வந்த பாலிசியில், மோசடி நிறுவப்பட்டாலன்றி, நோயை மறைத்தீர் என்று கூறிக் கோரிக்கையை மறுத்தல் இயலாது. ஆஸ்பத்திரியில் பணம் கட்டாது சிகிச்சை பெற விண்ணப்பித்தால் 1 மணி நேரத்திற்குள் விடை தரவேண்டும். வீடு திரும்பும் வேளையில் 3 மணி நேரத்திற்குள் ஒப்புதல் தரவேண்டும். எந்தக் கோரிக்கையையும் ஒரு தனி அலுவலர் தம் விருப்பப்படி நிராகரித்தல் கூடாது. கம்பெனியின் குழு ஒன்று பார்த்து ஒப்புதல் தரவேண்டும். எந்த நிபந்தனையின்படி மறுக்கப்பட்டது என்பதையும் கடிதத்திற் குறிப்பிடவேண்டும்.

இவ்விதிகளை அறிதலால் விளையும் பயனுக்கு, கண்ணாரக் கண்ட நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகின்றேன். சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதும் அன்பர் ஒருவர், தம் தாயாரின் பித்தப்பை அறுவைக்காக 1,40,000 ரூபாய் செலவிட்டார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்தே அப்பணம் கட்டப்பட்டது. தாயாருக்கு முன்பே இரத்த அழுத்தம் இருந்ததை மறைத்தீர் என்று கம்பெனி கைவிரித்தது. விண்ணப்பத்தை நிரப்பியவர் ஏஜெண்டு. அன்பர் செய்ததெல்லாம் தமிழிற் கையொப்பம் இட்டதே. கடிதத்தைக் கண்டதும் அவர், “இனி என்ன செய்ய இருக்கிறது?” என்று சோர்ந்துபோனார். ஆனால் அப்பாலிசி ஆறு ஆண்டுகளாக இடையறாது புதுப்பிக்கப்பட்டு வந்தது. ரசீதுகளை வரிசைப்படுத்தி, 60 மாத விதியை எடுத்துக்காட்டி, கம்பெனியின் குறைதீர் அலுவலர்க்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். பதினேழாம் நாள் பணம் வந்தது. கையுறை, பஞ்சு முதலியவற்றிற்கு மட்டும் சிறிது கழிக்கப்பட்டிருந்தது. அடகு வட்டி போனது போனதே. சங்கிலி மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

எல்லார்க்கும் முதற் கடிதத்திலேயே பயன் கிட்டும் என்று கூற இயலாது. ஆதலின் அடுத்த படிகளையும் அறிந்திருத்தல் நன்று. கம்பெனி ஒரு மாதத்திற்குள் விடை தராவிடினும், தந்த விடை மனநிறைவு அளிக்காவிடினும், ஆம்பட்ஸ்மன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கேரளத்தில் குடியிருப்போர்க்கு அவ்வலுவலகம் கொச்சியில் உள்ளது. பாலிசி தமிழ்நாட்டில் எடுத்ததாயினும், இங்குக் குடியிருக்கும் நாம் கொச்சிக்கே எழுதலாம். மறுப்பு வந்த ஓராண்டிற்குள் முறையிட வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டுவதில்லை. 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம்; அவரது தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அங்கும் நீதி கிட்டாவிடின் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. அதற்கு இரண்டாண்டுக் கெடு. ரயில்வேயில் சரக்கு தவறியவர் ஆறு மாதத்திற்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தாலன்றி நட்டஈடு பெற இயலாது. காலத்தில் எழுதுபவன் பெறுகின்றான். கோபித்துக்கொண்டு வீட்டில் அமர்ந்திருப்பவன் இழக்கின்றான். இன்ஷூரன்சும் அத்தகையதே.

நம் பக்கத்துக் கடமையும் உண்டு. விண்ணப்பத்தில் நோய் பற்றிய வினாவிற்கு உள்ளதை உள்ளவாறே எழுதச் செய்க. “இல்லை என்று போட்டால் பிரிமியம் குறையும்” என்று ஏஜெண்டு கூறும் ஆசைமொழிக்குச் செவிகொடுக்க வேண்டா. இன்று மிச்சமாகும் சில நூறு ரூபாய் நாளை லட்சங்களைக் கொண்டுபோகும். நிரப்பிய விண்ணப்பத்தின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்குக. பாலிசியின் சுருக்கக் குறிப்பைத் தமிழில் வேண்டுமென்று கேட்க. அறிந்த மொழியிற் கேட்க நமக்கு உரிமை உண்டு. படித்துப் பார்த்தபின் பிடிக்காவிடின், 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். புதுப்பிக்கும் தேதி ஒரு நாளும் தவறலாகாது.

பிறந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு, நோய் வந்த வேளையில் ஓடிவரும் உறவினர் அருகில் இரார். அக்குறையை ஈடு செய்யவே சங்கம் கண்டோம், ஒருவர்க்கொருவர் உற்றாராயினோம். ஆங்கிலம் அறிந்த இளைஞர் இருவர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, இத்தகைய கடிதங்களைப் படித்துச் சொல்லி, விடை எழுத உதவுவாராயின், அதனினும் சிறந்த தமிழ்ப்பணி வேறு யாது? கம்பெனியின் முத்திரை பொறித்த தாளைக் கண்டு அஞ்சற்க. அது ஒரு கடிதமே. கடிதத்திற்கு விடை எழுதலாம்.