உங்களுக்குத் தெரியுமா? படகைத் தூக்கிச் செல்ல வேண்டிய ஆறு

ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில், டார்வினுக்குத் தெற்கே, கேத்தரின் ஆறு மணற்பாறையை அறுத்து 13 மலையிடுக்குகளை உருவாக்கியிருக்கிறது. அவை இருப்பது நிட்மிலுக் தேசியப் பூங்காவில்.

மழையில்லா மாதங்களில் நீர் இறங்கி, இடுக்குகளுக்கு நடுவே பாறைகள் தலைகாட்டும். துடுப்புப் படகில் போகிறவர்கள் அங்கங்கே இறங்கி, படகைத் தூக்கியோ இழுத்தோ அடுத்த இடுக்கில் விட வேண்டும். சிரமம்தான், ஆனால் செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு இடையே ஆற்றை இவ்வளவு நெருக்கமாக அறிய வேறு வழி இல்லை.

கரையோர மணல்திட்டுகள் சிலவற்றில் இறங்கத் தடை உண்டு. நன்னீர் முதலைகள் முட்டையிடும் இடங்கள் அவை. இந்த முதலைகள் கூச்ச சுபாவம் கொண்டவை, பொதுவாகச் சீண்டினால்தான் கடிக்கும். ஆபத்தானது உவர்நீர் முதலை. மழைக்கால வெள்ளத்தோடு அது மேலேறி வந்துவிடும். அதனால் வெள்ளம் வடிந்ததும் பூங்கா ஊழியர்கள் ஆற்றைச் சோதித்து, தென்படுவதைப் பிடித்து அகற்றிய பிறகே நீரில் இறங்க அனுமதிக்கிறார்கள்.

இந்த நிலம் ஜாவொய்ன் பழங்குடியினருடையது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 1989-இல் சட்டப்படி அவர்களிடம் திரும்பியது. அவர்கள் அதைப் பூங்காவாகவே குத்தகைக்கு விட்டார்கள். நிர்வாகக் குழுவில் இன்று பெரும்பான்மையும் அவர்களே.