ஹென்றிக்கு வாள் பிடிக்கத் தெரியாது

முதல் சண்டையிலேயே தோற்றேன். எதிரி ராட்சசனும் இல்லை, கறுப்புக் கவசம் போட்ட படைத்தலைவனும் இல்லை. குனெஷ் என்கிற ஊர்க் குடிகாரன். கொல்லரான அப்பா அடித்துக் கொடுத்த கோடரிக்கும் சுத்தியலுக்கும் ஆணிக்கும் காசு தராமல் இழுத்தடிப்பவன். அப்பா அனுப்பினார் என்று போய்க் கடனைக் கேட்டேன். பேச்சு முற்றிக் கைகலப்பானது. அவன் விட்ட நாலு குத்தில் நான் மண்ணில் கிடந்தேன்.

‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ என்ற வீடியோ கேம் தன்னை இப்படித்தான் அறிமுகம் செய்துகொள்கிறது. செக் நாட்டின் பிராக் நகரில் உள்ள வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் உருவாக்கியது; 2018 பிப்ரவரியில் வெளிவந்தது. மந்திரம் கிடையாது, நெருப்பு உமிழும் டிராகன் கிடையாது. இப்படி ஒரு கேமை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி ஆரம்பத்திலேயே இருந்தது. 2014-ல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் மக்களிடமே 3 லட்சம் பவுண்டு கேட்டுப் பார்த்தார்கள். 11 லட்சத்துக்கு மேல் வந்து சேர்ந்தது.

கதை நடப்பது 1403-ல், இன்றைய செக் நாட்டின் பகுதியான போஹீமியாவில். அரசர் நான்காம் வென்செஸ்லாஸைச் சிறைப்பிடித்துவிட்டு, அவருடைய மாற்றாந்தாய் மகன், ஹங்கேரி அரசர் சிகிஸ்மண்ட், நாட்டுக்குள் படையோடு அலைகிறார். வெள்ளிச் சுரங்கம் உள்ள ஸ்காலிட்ஸ் என்ற சிற்றூரை அந்தப் படை எரிக்கிறது. ஊரும் அந்த அழிவும் வரலாற்றில் உள்ளவை. ஊர்க் கொல்லரின் மகன் ஹென்றி மட்டும் கற்பனை. நாம் ஆடுவது அவனாக.

‘ரோல் பிளேயிங்’ வகை கேம்களில் முன்னேற்றம் பொதுவாகச் சில்லறைக் கணக்கு. பத்து ஓநாயைக் கொன்றால் இத்தனை புள்ளி. அந்தப் புள்ளியை வில்வித்தையில் போடலாம், பேச்சுத் திறமையில் போடலாம், பூட்டுத் திறப்பதிலும் போடலாம். ஓநாயைக் கொன்றவனுக்குப் பூட்டு எப்படித் திறக்க வரும் என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அந்தச் சலுகை கிடையாது. வாள் வீசினால் வாள் வரும், குதிரை ஏறினால் குதிரையேற்றம் வரும், பூட்டை நெம்பி நெம்பிக் கம்பியை முறித்தால்தான் பூட்டு பழகும். ஒவ்வொரு திறமைக்கும் 20 படிகள். ஹென்றி ஏறுவதோடு உங்கள் கையும் பழக வேண்டும். மவுஸ் பிடிக்கும் கை பழகாவிட்டால் படி எண் மட்டும் ஏறி என்ன பிரயோசனம்?

ஆகவே முதலில் பழக வேண்டிய தந்திரம், ஓடுவது. ஸ்காலிட்ஸ் எரியும்போது வாளெடுத்து வீரம் காட்ட நினைப்பவர்கள் அரை நிமிடத்தில் சாகிறார்கள். குதிரையில் ஏறி, முதுகுக்குப் பின்னால் அம்பு பறக்க, டால்ம்பெர்க் கோட்டைக்குத் தப்புவதே அங்கே வெற்றி. பின்னால் காட்டுப் பாதையில் மூன்று கொள்ளைக்காரர்கள் மறிக்கும்போதும் இதே விதிதான். ஒருவன் முன்னால் நின்று பேச்சுக்கொடுக்க, இன்னொருவன் பக்கவாட்டில் வந்து மண்டையில் போடுவான். நான் நூறு தடவை செத்துத்தான் இதைக் கற்றேன் என்று சொன்னால் மிகை, முப்பது இருக்கும்.

ராட்டே என்ற ஊருக்கு வந்த பிறகு பெர்னார்டு என்ற தளபதி கிடைக்கிறார். கோட்டைக்கு வெளியே உள்ள பயிற்சித் திடலில் மரவாளைக் கொடுத்து ஆடச் சொல்வார். பலர் முதல் பாடம் முடிந்ததும் கதையைத் தொடர ஓடிவிடுகிறார்கள். அதுதான் பெரிய தவறு. அங்கேயே இரண்டு மணி நேரம், ஆமாம், நிஜமான இரண்டு மணி நேரம், அவரிடம் அடி வாங்குங்கள். செலவு கிடையாது, சாவும் கிடையாது.

ஏன் அவ்வளவு நேரம்? இந்தச் சண்டையின் உள்ளமைப்பு அப்படி. திரையின் கீழே இரண்டு கோடுகள்: ஒன்று உயிர், மற்றொன்று மூச்சு. வாளை வீசினால் மூச்சு குறையும், தடுத்தாலும் குறையும். மூச்சு இருக்கும்வரை அதுவே கேடயம் மாதிரி அடியை வாங்கிக்கொள்கிறது. அது தீர்ந்தபின் விழும் அடிதான் நேராக உயிரில் இறங்கும். அடிபட அடிபட, மூச்சு நிரம்பும் அளவும் சுருங்கிக்கொண்டே போகும். புதிதாக ஆடுபவர் பதற்றத்தில் படபடவென்று வீசி, மூச்சு தீர்ந்து நிற்கும்போது எதிரி நிதானமாக ஒரு வெட்டு வெட்டுவான். கதை முடிந்தது. இரண்டு வீச்சு, பின்வாங்கு, மூச்சு வாங்கு. பெர்னார்டிடம் கற்கும் முதல் பாடமே பொறுமைதான்.

அவரிடமே பின்னால் ஒரு சூட்சுமமும் கற்கலாம். எதிரியின் வாள் இறங்கும் அதே கணத்தில் தடுத்தால், ஹென்றி தடுத்த கையோடு திருப்பியும் அடிப்பான். இது கைவந்த பிறகு பெரிய பெரிய வீரர்களெல்லாம் சுலபமாக விழுகிறார்கள். எனக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. தானாகப் போய் அடிப்பதைவிட எதிரி அடிக்கட்டும் என்று காத்திருப்பதே லாபம் என்றாகிவிடுகிறது. ஐந்து திசையிலிருந்து வெட்டவும் நேரே குத்தவும் இவ்வளவு அழகாக வழிசெய்து வைத்தவர்கள், கடைசியில் எல்லோரையும் கொக்கு மாதிரி நிற்க வைத்துவிட்டார்கள்.

உடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பஞ்சு வைத்துத் தைத்த அங்கி, அதன்மேல் இரும்பு வளையங்களைக் கோத்த சட்டை, அதற்கும் மேல் தகட்டுக் கவசம் என்று அடுக்கடுக்காகப் போட வேண்டும். தகட்டின்மேல் வாள் வழுக்கும். கதாயுதத்தால் ஓங்கி அடித்தால் உள்ளே இருப்பவன் நொறுங்குவான். அன்றைய போர்க்களத்திலும் அதுதான் நிலை. காசு குறைவாக இருந்தால் முதலில் தலைக்கவசம் வாங்குங்கள். முகமூடியுள்ள தலைக்கவசம் போட்டால் உலகமே ஒரு கீற்றாகத் தெரியும். அந்த அவஸ்தையையும் விடாமல் திரையில் காட்டுகிறார்கள்.

இத்தனை இரும்பையும் விட முதல் நாட்களில் அதிகம் உதவுவது குளியல். சிரிக்க வேண்டாம். சேற்றில் நடந்தால் ஹென்றியின் துணி அழுக்காகும், சண்டை போட்டால் ரத்தம் படியும். அந்தக் கோலத்தில் போய்ப் பேசினால் யாரும் மதிப்பதில்லை. குளியல்விடுதியில் சில க்ரோஷன் (அந்நாட்டு வெள்ளிக்காசு) கொடுத்து உடம்பைக் கழுவி, துணியையும் வெளுத்து வாங்கி, நல்ல சட்டையொன்று மாட்டிக்கொண்டு போனால் அதே ஆள் மரியாதையாகப் பதில் சொல்வான். வாளால் தீர்க்க முடியாத பாதி வேலைகள் இப்படிப் பேச்சில் தீர்ந்துவிடும். ஆள் பாதி, ஆடை பாதி என்பது போஹீமியாவிலும் செல்லுபடியாகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. ஹென்றிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறி மாறிக் குழம்பிக் கிடக்கும். படிக்கத் தெரிந்த நமக்கு, படிக்கத் தெரியாதவன் கண்ணில் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல வழி இருப்பதாகத் தோன்றவில்லை. உஷிட்ஸ் என்ற ஊரில் ஒரு எழுத்தர் இருக்கிறார். அவரிடம் பாடம் கேட்டால் மெல்ல மெல்லச் சொற்கள் துலங்க ஆரம்பிக்கும். நின்றுகொண்டு படிப்பதைவிட பெஞ்சில் உட்கார்ந்து படித்தால் சீக்கிரம் ஏறும். சீக்கிரமே போய்க் கற்றுவிடுங்கள். வாள், வில், மூலிகை எல்லாவற்றுக்கும் புத்தகங்கள் உண்டு. வாசிக்கத் தெரியாதவனுக்கு அவை வெறும் சுமை.

மூலிகை என்றதும் ஒரு குறுக்குவழி நினைவுக்கு வருகிறது. வழியோரப் பூக்களையும் இலைகளையும் குனிந்து குனிந்து பறித்துக்கொண்டே போகலாம். மூலிகைத் திறமையில் ஓரளவு ஏறியதும் ஒரு சலுகையைத் தேர்ந்தெடுத்தால், ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் ஹென்றியின் உடல்வலுவும் கூடும். அரைநாள் பூப்பறித்துவிட்டுக் கோடரி வீரனைச் சந்திக்கப் போகலாம். குனிந்து நிமிர்ந்தால் தோள் உரம் பெறும் என்பது கொஞ்சம் இழுவைதான், ஆனால் வயல் வேலை செய்தவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பறித்த மூலிகையால் இன்னொரு பெரிய பயன். இந்த கேமில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. சொந்தக் கட்டிலில் தூங்க வேண்டும். இல்லையென்றால் ‘சேவியர் ஷ்னாப்ஸ்’ என்ற சாராயத்தைக் குடிக்க வேண்டும். கடையில் விலை அதிகம். நாமே காய்ச்சலாம்: ஒயினை அடிப்படையாக ஊற்றி, தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியும் பெல்லடோனாவும் சேர்த்து, துருத்தி அழுத்தி, மணல்கடிகாரத்தைத் திருப்பி வைத்துப் பதம் பார்த்து இறக்க வேண்டும். நேரம் தவறினால் பானை வீண். (வீட்டில் முயல வேண்டாம், பெல்லடோனா கடும் விஷம்.) வேலை வந்தால் எழுந்து போக முடியவில்லையே என்று ஆட்டக்காரர்கள் குறைப்பட்டதும், சேவ் செய்து வெளியேறும் வசதியைப் பின்னால் சேர்த்தார்கள். சாராயம் போகவில்லை. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. திரும்பிப் போக முடியாது என்று தெரிந்தால்தான் இருட்டில் பூட்டை நெம்பும்போது கை நடுங்கும்.

திருட்டைப் பற்றி ஒரு வரி போதும். திருடிய பொருள் திருட்டுப் பொருள் என்றே குறி தாங்கியிருக்கும். சாதாரணக் கடைக்காரர் தொடமாட்டார், ராட்டேயின் மாவரைக்கும் ஆலைக்காரர் பெஷெக் வாங்குவார்.

தந்திரத்தின் உச்சம் பிரிபிஸ்லாவிட்ஸ். காட்டுக்குள் இடிந்த ஊரில் எதிரிகள் பெரிய முகாம் போட்டிருக்கிறார்கள். நம்மை அனுப்புவது வேவு பார்த்து வர மட்டுமே. ராத்திரி கவசத்தைக் கழற்றிவிட்டு, ஓசை எழுப்பாத கறுப்புத் துணியில் ஊர்ந்து போனால், கொதிக்கும் சமையல் அண்டாவில் விஷம் கலக்கலாம், அடுக்கி வைத்த அம்புகளுக்குத் தீ வைக்கலாம். மறுபடி படையோடு வந்து மோதும்போது எதிரி அரைப் பலத்தில் நிற்பான். இத்தனைக்கும் அங்கே ஒருவர் மீதும் வாளை ஓங்கியிருக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஹென்றி கொல்லர் மகன். அவனால் வாளைச் சாணைக்கல்லில் தீட்டத்தான் முடியும். அதுவும் கோணம் சரியாக இருந்தால் தீப்பொறி பறக்கும், பிசகினால் முனை கெடும். உலைக்களத்தின் பக்கம் போய் ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. 2025 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் வந்தது. அதில் இரும்பை உலையில் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துப் புரட்டிப் புரட்டி அடித்து, தண்ணீரில் தோய்த்து எடுக்கலாம். நான் முதலில் செய்தது ஒரு குதிரை லாடம்.