துருவைச் சுவாசிக்கும் கிருமிகள்

நகரத்துச் சாக்கடை நீரிலுள்ள அசுத்தங்களுள், கண்ணுக்குப் புலப்படாததாயினும் அகற்றுவதற்குப் பெருஞ்செலவு வைப்பது அம்மோனியா. 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டன், லாக்கெட் என்னும் ரசாயன நிபுணர் இருவர் வெளியிட்ட முறையின் வழிவந்த நிலையங்களில், தொட்டிகளுக்குள் ஓயாது காற்றைச் செலுத்தி, அம்மோனியாவைக் கிருமிகளைக் கொண்டு நைட்ரேட்டாக்கி, அதனைப் பின்னர் வேறு கிருமிகளைக் கொண்டு நைட்ரஜன் வாயுவாக மாற்றி ஆகாயத்தில் விட்டுவிடுகிறார்கள். ஒரு கிலோ நைட்ரஜனுக்கு நாலரைக் கிலோவுக்கு மேல் பிராணவாயு வேண்டியிருப்பதால், நிலையத்து மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியைக் காற்றடிக்கும் யந்திரங்களே விழுங்கிவிடுகின்றன.

காற்றே புகாத சதுப்பு மண்ணிலும், இரும்புத் துரு இருக்குமாயின் அம்மோனியா மாற்றமடைகிறது என்பதை அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மண்ணைச் சோதித்தவர்கள் 2005-ல் அறிவித்தார்கள். அம்மாநிலத்து அசன்பிங்க் சதுப்பு நிலத்திலிருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் பிரித்தெடுத்த 'ஏ6' என்னும் பாக்டீரியா, அம்மோனியாவிலிருந்து பறித்த எலக்ட்ரான்களை, நாம் பிராணவாயுவிடம் ஒப்படைப்பதுபோல, துருவிடம் ஒப்படைத்துச் சக்தி பெறுகிறது. அவற்றை ஏற்ற துரு ஃபெரஸ் இரும்பாகி நீரில் கரைகிறது.

அற்புதமான ஏற்பாடுதான், ஆனால் கணக்கு கொடியது. ஓர் அம்மோனியா முற்றும் நைட்ரஜன் வாயுவாக மூன்று இரும்பு அணுக்கள் வேண்டும். எடையில் இது நைட்ரஜனைப்போல் பன்னிரண்டு மடங்கு. ஒருவருக்கு நாளொன்றுக்குப் பத்து கிராம் நைட்ரஜன் என்று குறைத்தே மதித்தாலும், லட்சம் பேர் வாழும் ஊருக்குத் தினந்தோறும் பன்னிரண்டு டன் இரும்பைக் கொட்டவேண்டி வரும். எந்த நகரசபை இதற்கு இணங்கும்?

ஆகவே அக்கரை சேர்ந்த ஓடக்காரன் திரும்பி வருவதுபோல, கரைந்த இரும்பு மீண்டும் துருவாக வேண்டும். நைட்ரேட்டைக் கொண்டு ஃபெரஸ் இரும்பைத் துருவாக்கும் கிருமிகள் உண்டென்று ஜெர்மானிய விஞ்ஞானிகள் 1996-லேயே காட்டியிருந்தார்கள். அக்கிரியையில் நைட்ரேட்டும் வாயுவாகிப் போவது இரட்டை லாபம். இவ்விரண்டையும் இணைத்தால், எட்டுப் பங்கு அம்மோனியாவில் மூன்று பங்கை மட்டும் காற்றூட்டி நைட்ரேட்டாக்கினால் போதும். எஞ்சிய ஐந்து பங்கும் துருவின் பொறுப்பு.

காகிதத்தில் இவ்வளவு அழகாக அமைந்தது தொட்டியில் அடங்கிவிடுவதில்லை. ஏ6 புளிப்பு மண்ணில் பிறந்தது. சாக்கடை நீரோ பெரும்பாலும் புளிப்புமல்லாத, காரமுமல்லாத சுபாவமுடையது. நாட்பட்ட துரு இறுகிப் படிகமாகிக் கிருமிகளுக்கு எளிதில் எட்டாமற் போகிறது. ஃபெரஸ் இரும்பில் ஒரு பகுதியைக் கழிவிலுள்ள பாஸ்பேட் பற்றிக்கொண்டு வண்டலாகிவிடுகிறது. கிருமிகளோ மெதுவாகவே பெருகுகின்றன. துருவுக்குப் பதிலாக மின்முனையொன்றை வைத்தபோது ஏ6 எலக்ட்ரான்களை அதனிடமும் ஒப்படைத்தது என்பதால், இரும்புச் சுமையே இல்லாத தொட்டியைச் சிலர் நாடுகிறார்கள். என் எண்ணத்தில், முதலில் தீர்க்கவேண்டியது கிருமியின் நிதானம்.