கல்லாப் பெட்டி இல்லாத கடை

"படித்த படிப்பெல்லாம் அடுப்படியிலேயே கருகிப் போகிறதே!" என்று அங்கலாய்க்கும் சகோதரிகள் நம்மில் எத்தனையோ பேர். அவர்கள் ஓய்வு நேரத்தில் புடவை பார்க்கிறார்களே, அந்தச் செல்போனுக்குள் ஒரு பெரிய கடைத்தெருவே இருக்கிறது. அங்கே செலவழிக்கத்தான் வழி உண்டா? சம்பாதிக்கவும் வழி உண்டு. ஆனால் கணக்குத் தெரிந்து இறங்க வேண்டும்.

இந்தக் கடைத்தெருவுக்கு வயது அதிகமில்லை. அமெரிக்காவில் அமேஸான் 1995-ல் புத்தகம் விற்கத் தொடங்கிற்று. 2007-ல் பெங்களூரில் சச்சின் பன்ஸால், பின்னி பன்ஸால் என்ற இரு இளைஞர்கள் ஆரம்பித்த ஃப்ளிப்கார்ட்டும் முதலில் விற்றது புத்தகந்தான். 2018-ல் அதில் ஏறக்குறைய 77 சதவிகிதப் பங்கை வால்மார்ட் கம்பெனி 1,600 கோடி டாலருக்கு வாங்கியது என்றால் வளர்ச்சியைப் பார்த்துக் கொள்ளுங்கள்!

பட்டனைத் தட்டியதும் புடவை தானாகவா வந்து சேருகிறது? அதைப் படம் பிடிக்க ஒருவர் வேண்டும். நீளம், நிறம், துவைக்கும் விதம் எல்லாம் எழுத ஒருவர் வேண்டும். கிடங்கில் எடுத்துக் கட்டுவதற்குப் பலர். வண்டியில் கொண்டுவர ஒருவர். "சாமான் உடைந்திருக்கிறதே!" என்று சீறுகிற வாடிக்கைக்காரருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லவும் ஆள் வேண்டும். 2020-ல் இவ்விரு தளங்களும் தமிழிலும் வந்துவிட்டபடியால், நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. வேலையில் சேருமுன் ஷிப்டு நேரம், இரவில் வீடு திரும்ப வண்டி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவற்றைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

சொந்தமாக விற்க ஆசையா? ஒரு சிறு கணக்குப் போடுவோம். சுங்குடிப் புடவை ஒன்றை 500 ரூபாய்க்கு வாங்கி 700 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். லாபம் 200 ரூபாய் என்று துள்ள வேண்டாம். கமிஷன், அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் சேர்ந்து 120 ரூபாய் ஆனால் மிச்சம் 80. பத்துப் புடவையில் இரண்டு திரும்பி வந்து, ஒவ்வொன்றுக்கும் போக வர 140 ரூபாய் தண்டமானால்? எட்டுப் புடவையில் கிடைத்த 640 ரூபாயில் 280 போய், கையில் நிற்பது 360 ரூபாய்தான்!

புடவை ஏன் திரும்புகிறது? பெரும்பாலும் படத்தில் ஒரு நிறம், நேரில் ஒரு நிறம் என்பதால்தான். ஆகவே பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். முழ அளவையும், ரவிக்கைத் துணி உண்டா இல்லையா என்பதையும் உள்ளபடி எழுதுங்கள். பொய் சொல்லாத படமே லாபம் தரும்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் பொருள் விற்கும் சிறு வியாபாரிகள், ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருந்தால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இத்தளங்களில் விற்கலாம். ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். வெளி மாநிலத்துக்கு அனுப்புவதானால் பதிவு அவசியம். ஊறுகாய், பொடி, முறுக்கு விற்கிறவர்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு பெற்றாக வேண்டும்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. "வீட்டிலிருந்தே தினம் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்" என்று செய்தி வரும். ஆரம்பத்தில் நூறோ இருநூறோ உங்களுக்கே அனுப்புவார்கள். பிறகு "முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். கட்டாதீர்கள்! சம்பளம் கொடுக்கிறவன் நம்மிடம் பணம் கேட்பானா? ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள். தாமதமின்றிச் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

நகையை அடகு வைத்து மூட்டை மூட்டையாகச் சரக்கு வாங்க வேண்டாம். பத்தே பத்துப் புடவையோடு ஆரம்பியுங்கள். மூன்று மாதம் வரவு செலவை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பாருங்கள். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதிப் பழகிய கைக்கு இது புதிதா, என்ன?