ஊர் நேரம்: இரண்டு புள்ளியும் ஒரு நேர்கோடும்

ஊருக்குக் கோல் எடுக்க முதல் எல்லோரும் மனதுக்குள் ஒரு கணக்குப் போடுவோம்: விண்டரில் ஐந்தரை மணித்தியாலம், சம்மரில் நாலரை. அந்த ஐந்தரை எங்கிருந்து வந்தது? ஜிசிஎஸ்ஈயில் படித்த ஒய் = எம்எக்ஸ் + சி போதும், கண்டுபிடிச்சிடலாம்.

எக்ஸ் என்பது கிழக்கு நெடுங்கோடு, பாகையில். ஒய் என்பது அந்த இடத்துச் சூரிய நேரம் கிரீனிச்சை விட எத்தனை நிமிடம் முந்தி நிற்குது என்பது. கோடு போட இரண்டு புள்ளி வேணும்.

ஒன்று கிரீனிச்: (0, 0). மற்றது பூமியின் மறுபக்கம். 180 பாகை, 12 மணித்தியாலம், அதாவது (180, 720).

கிரேடியன்ட்: (720 − 0) ÷ (180 − 0) = 4. கோடு (0, 0) ஊடாகப் போறதால் சி = 0. ஆகவே ஒய் = 4எக்ஸ். பாகைக்கு 4 நிமிடம், அவ்வளவுதான்.

சரிபார்ப்போம். 1802இல் ஜான் கோல்டிங்ஹாம் மதராஸின் நெடுங்கோட்டை 80.308 பாகை என்று கணித்தார். நாலால் பெருக்கினால் 321.23 நிமிடம்: 5 மணி 21 நிமிடம் 14 செக்கன். பழைய 'மதராஸ் நேரம்' அதேதான். 1906இல் இந்தியா 82.5 பாகையைப் பொது நேரத்துக்கு எடுத்தது: 330 நிமிடம், ஐந்தரை. யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 80 பாகை, அதனால் 320. மணிக்கூட்டுக்கும் சூரியனுக்கும் அங்கே சராசரி பத்து நிமிட இடைவெளி.

இனி சி. அது பூச்சியமானது இயற்கையால் இல்லை, 1884இல் வாஷிங்டன் மாநாடு கிரீனிச்சைத் தேர்ந்ததால். மதராஸைத் தேர்ந்திருந்தால் ஒய் = 4எக்ஸ் − 321. கிரேடியன்ட் மாறாது, அது பூமியின் சுழற்சி. சி மட்டும் மனிதர் எடுக்கும் முடிவு.

இலங்கையில் அந்த முடிவு பலமுறை மாறியது. மின்சாரத் தட்டுப்பாட்டால் 1996 மே மாதம் ஆறரை, ஒக்டோபரில் ஆறு, 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரை. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இடையில் பழைய ஐந்தரையிலேயே நின்றன. ஒரே தீவில் இரண்டு மணிக்கூடு.

கோட் எழுதுறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. 2003இல் கொழும்பில் பிறந்தவரின் சாதகத்துக்கு ஆப் ஒன்று ஐந்தரையைப் போட்டால் 30 நிமிடம் பிழை. அதே கோட்டில் திருப்பிப் போனால் 30 ÷ 4 = 7.5 பாகை. ஒரு ராசி 30 பாகைதான், லக்கினமே மாறலாம்! ஆகவே ஐந்தரையை நேரடியாக எழுதிவிடாதீர்கள். டைம்சோன் டேட்டாபேஸில் கொழும்புக்கு இந்த மாற்றமெல்லாம் திகதியோட இருக்கு, அதைக் கேளுங்கள்.