மூட்டு வலியா? செய்யும் தொழிலையும் சொல்லுங்கள்!

காலையில் எழுந்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி!" என்று உட்காருகிறவர் உங்கள் வீட்டில் உண்டா?

உங்கள் வீட்டில் மட்டும் அல்ல. உலகம் முழுவதும் உண்டு.

2019-ம் ஆண்டில் மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் உலகத்தில் 52 கோடியே 80 லட்சம் பேர். இது உலக சுகாதார நிறுவனம் தரும் கணக்கு. அவர்களில் நூற்றுக்கு 60 பேர் பெண்கள். 36 கோடியே 50 லட்சம் பேருக்கு முழங்காலில் தேய்மானம்.

நம் நாட்டில் எப்படி?

மராட்டிய மாநிலத்தில் பிக்வான் என்று ஓர் ஊர். 1996-ம் ஆண்டில் அங்கே வீடு வீடாக விசாரித்தார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேர் மூட்டு வலி, தசை வலியால் அவதிப்பட்டது தெரிந்தது. அங்கும் முழங்கால் வலிக்குத்தான் முதல் இடம்.

இடுப்பு மூட்டுத் தேய்மானம் மேல்நாட்டாருக்கு அதிகம். நமக்குக் குறைவு. கணுக்கால் லேசில் தேயாது. முன்பு அடிபட்ட கணுக்காலில்தான் பெரும்பாலும் தேய்மானம் வருகிறது.

உப்பளத்தில்...

தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய்ப் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் பெண்கள் வேலை செய்கிறார்கள். குனிந்து உப்பை அள்ளுகிறார்கள். தலையில் சுமக்கிறார்கள்.

பாரம் சுமப்பதும், அடிக்கடி குந்தி எழுவதும் முழங்காலைப் பாதிக்கும். எலும்பின் நுனியை வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அது தேய்ந்தால் வலி, நடந்தால் வலி, படி ஏறினால் வலி.

கடலுக்கு அடியில்...

அதே ஊரில் வேறு ஒரு வலியும் உண்டு. அது தேய்மானம் அல்ல. காற்று செய்யும் வேலை!

முன்பு முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கி மூழ்கினார்கள். 1961-ம் ஆண்டோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. சங்கு குளிப்பது நிற்கவில்லை. இப்போது படகில் கம்ப்ரசர் வைத்து, குழாய் வழியாகக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு மூழ்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால் நெடுநேரம் அடியில் இருக்க முடிகிறது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

ஆழத்தில் அழுத்தம் அதிகம். காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்துவிடுகிறது. சட்டென்று மேலே வந்தால் என்ன ஆகும்? சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி பொங்குகிறது அல்லவா? உடம்புக்குள்ளும் அப்படியே பொங்கும்! தோள், முழங்கை, முழங்கால் மூட்டுகளில் வலி பிடுங்கும். மேலே வந்த சில நிமிடங்களிலும் வரலாம். சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

இப்படிப் பல ஆண்டுகள் மூழ்கினால், ரத்த ஓட்டம் கெட்டு, இடுப்பிலும் தோளிலும் எலும்பின் தலைப்பகுதியே செத்துப்போகலாம். வாலிப வயதிலேயே நொண்ட வேண்டிய நிலை வரும்.

நின்று நின்று, மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும் என்பதை ஹால்டேன் என்ற விஞ்ஞானி 1908-ம் ஆண்டிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார்.

என்ன செய்வது?

மூழ்கி வந்தவருக்கு மூட்டு வலித்தால் தைலம் தேய்த்துப் படுக்க வைக்காதீர்கள். "மறுபடியும் மூழ்கினால் சரியாகிவிடும்" என்று கடலில் இறங்கவும் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆக்சிஜன் கொடுப்பார்கள். அழுத்த அறையில் வைத்தும் சிகிச்சை செய்வார்கள்.

தேய்மான வலிக்கு வழி வேறு. தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுங்கள். உடல் பருமனாக இருந்தால் எடையைக் குறையுங்கள். ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறைகிறது.

"வயதாகிவிட்டது, அப்படித்தான்" என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். வலிக்கும் இடத்தை மட்டும் காட்டினால் போதாது.

உப்பு சுமக்கிறீர்களா, மூட்டை தூக்குகிறீர்களா, கடலில் மூழ்குகிறீர்களா? அதையும் மறக்காமல் சொல்லுங்கள். நோய் என்ன என்பதை உங்கள் தொழிலே காட்டிக் கொடுக்கும்!